வாய் மூடிய மூன்று

1973 ஜூன் மாதம், எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிவு வெளியான காலையில், சண்முகவடிவு செய்தித்தாளை வாசலில் நின்றபடியே பிரித்துவிட்டாள். அவள் வீட்டில் யாரும் தேர்வு எழுதவில்லை. அவளுக்குத் தேட எந்த எண்ணும் இல்லை. ஆனால் நான்கு பக்கம் நெருக்கி அடித்திருந்த அத்தனை எண்களின் ஒவ்வோர் இலக்கமும் அவள் கையால் வரைந்தது.

அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. பூர்வீகம் திருச்செந்தூர்ப் பக்கம். பெரியப்பா தியாகராய நகரில் ஜவுளிக்கடை திறந்தபோது குடும்பமே பின்னால் வந்தது. பள்ளி விடுமுறையில் கடைக்கு விலை அட்டை எழுத ஆரம்பித்தவள், ஓவியக் கல்லூரிவரை போய்ப் படித்து, ஈக்காட்டுத்தாங்கலில் மாணிக்கவாசகம் நடத்திய வார்ப்புப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அச்சகங்களுக்கு ஈய எழுத்து வார்த்துக் கொடுக்கிற பட்டறை. கல்யாணப் பேச்சைத் தட்டிக்கழித்துவிட்டு, மயிலாப்பூரில் ஒரு போர்ஷனில் அம்மா இசக்கியம்மாளோடு குடியிருந்தாள்.

'நாள்தூது' என்ற தினசரி, மட்டமான காகிதத்தில் அடித்தாலும் கண் நோகாமல் படிக்கக்கூடிய எழுத்து வேண்டும் என்று கேட்டது. மாணிக்கவாசகம் அந்த வேலையை இவளிடம் விட்டார். முடிக்க மூன்று வருஷம் பிடித்தது. ஒவ்வோர் எழுத்தையும் ஒரு சாண் உயரத்துக்கு வரைவாள். கோடு எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அழிப்பாள். ணகரத்தின் சுழிகளை அகலமாகத் திறந்துவிட்டாள். மெய்யெழுத்தின் புள்ளி உதிர்ந்துபோகாமல் இருக்க அதைச் சற்றுப் பெரிதாக்கினாள். கடைசியாக இலக்கங்கள். அவற்றில் அவளுக்கு மிகவும் பிடித்தது மூன்று. அதன் இரண்டு முனைகளிலும் உருண்டையாக ஒரு மணி வைத்திருந்தாள். பட்டறையில் பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் மெச்சினார்கள்.

மெச்சாதவர் ஒருவர் இருந்தார். 'நாள்தூது' அச்சுக்கூடத்தின் ஃபோர்மேன் வலியுல்லா. பிப்ரவரியில் சோதனைக்கு ஒரு பக்கம் ஓட்டிப் பார்த்தபோது, ஈரம் காயாத தாளை அவளிடம் நீட்டினார்.

"மேடம், இந்த மூணு பாருங்க. வாய மூடிக்கினு கீது."

"மை அதிகமா விட்டிருக்கீங்க."

"ரிசல்ட் அன்னிக்கு இதவிட ஜாஸ்தி வுடுவோம். மிசின் ஓடற வேகம் அப்படி. அந்த உருண்டைய மட்டும் கொஞ்சம் செதுக்கிட்டீங்கன்னா..."

"செதுக்கினா மூணு மொட்டையா நிக்கும். நீங்க மையைக் குறைங்க."

வலியுல்லா தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் போய்விட்டார்.

இப்போது வாசலில் நின்று பார்த்தபோது, முதல் பத்தியிலேயே இரண்டு மூன்றுகள் அடைத்திருந்தன. எல்லாம் அல்ல, அங்கொன்றும் இங்கொன்றுமாக. மணிகள் மையில் ஊதிப்போய் நடுக்கோட்டைத் தொட்டிருந்தன. வெறும் கண்ணுக்கு அது எட்டு.

ஏழு மணி இருக்கும். பக்கத்து வீட்டுக் காமாக்ஷி மாமி தலைகூட வாராமல் வந்து நின்றாள்.

"வடிவு, எங்க சுப்பு இங்க வந்தாளா?"

"இல்லையே மாமி. ஏன்?"

"விடிஞ்சதும் பேப்பரப் பாத்தா. நம்பர் இல்லேன்னுட்டா. ஒரு வார்த்தை பேசலை. கோவிலுக்குப் போயிட்டு வரேன்னு போனவ, இன்னும் ஆத்துக்கு வரலை. கோவில்லயும் இல்லையாம். மாமா குளத்தச் சுத்திப் பாத்துண்டிருக்கார்."

சுப்புலக்ஷ்மி வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வருகிறவள்.

"நம்பர் சொல்லுங்க மாமி."

"ஐம்பத்திரண்டாயிரத்து நூத்தி அறுபத்தி மூணு."

சண்முகவடிவு உள்ளே ஓடி, தான் வேலைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்தாள். 52162. அதற்கு அடுத்து 52168. அவள் வரைந்த எட்டின் இடுப்பில் ஒரு சாய்கோடு குறுக்கே ஓடும். இதில் அந்தக் கோடு இல்லை. இடது ஓரம் பிசிறடித்திருந்தது. மூன்று முறை பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் தாளின்மேலேயே வைத்துப் பார்த்தாள்.

"மாமி, இது எட்டு இல்ல, மூணுன்னு நினைக்கேன். வாங்க, கேட்டுருவோம்."

தெருமுனை மருந்துக்கடைத் தொலைபேசியில் அச்சுக்கூடத்தைக் கூப்பிட்டாள். வலியுல்லா இன்னும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அரசாங்கத்திலிருந்து வந்த மூலப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பேசினார்.

"ஒன் சிக்ஸ் த்ரீ கீது மேடம். பாஸ்."

பெண் தேறிவிட்டாள் என்று மாமியிடம் சொன்னாள். சண்முகவடிவு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஒன் சிக்ஸ் எய்ட்?"

தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அது இல்ல."

பிப்ரவரியில் சொன்னேனே என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "நீங்க வாங்க. எத்தினி விழுந்துகீதுன்னு உக்காந்து பாத்துடலாம்" என்று மட்டும் சொன்னார்.

முதலில் பெண் கிடைக்க வேண்டும். குளத்துப் பக்கம் மாமா இருந்ததால், தாளையும் கண்ணாடியையும் கையில் பிடித்தபடியே சண்முகவடிவு மாமியோடு சாந்தோம் கடற்கரையை நோக்கி நடந்தாள். நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாது. மாமி ஏதோ ஸ்லோகத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில், கபாலியின் சைக்கிள் கடை வாசலில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். கபாலி ஒரு தட்டு நிறைய லட்டு வைத்துக்கொண்டு நின்றார். கடைக்குள் ஒரு ஸ்டூலில் சுப்புலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள். முழங்கால்வரை பாவாடை நனைந்திருந்தது. அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி கபாலியின் மகள் சுலோச்சனா பக்கத்தில் நின்றாள். இருவரும் ஒரே வகுப்பு.

"பதறாதீங்க மாமி, பொண்ணு இங்கதான் கீது" என்றார் கபாலி. "பீச்சாண்ட தண்ணிக்குள்ள தனியா போய்க்கினு இருந்துச்சாம். எங்க சுலோச்சனாதான் பாத்து இட்டாந்துச்சு. வுட மாட்டேன்னு கைய புட்ச்சினு நிக்குது பாருங்க." பிறகு தட்டை நீட்டினார். "எங்க பொண்ணு பாஸும்மா! எங்க குடும்பத்துல இதான் மொத ஆளு. எடுத்துக்கோங்க."

சண்முகவடிவுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. சுப்புலக்ஷ்மி, சுலோச்சனா. பெயர் வரிசைப்படி ஐந்தே எண் தள்ளி. மகளை மட்டும் அழைத்துக்கொண்டு போய்விடலாம் என்று மாமியின் கையைப் பிடித்தாள். அதற்குள் மாமி மகளைக் கட்டிக்கொண்டு கத்திவிட்டாள்.

"அழாதேடி, நீ பாஸ்! பேப்பர்லதான் தப்பு. எட்டுன்னு விழுந்திருக்கே, அது உன்னோட மூணுடி!"

சுலோச்சனா மெதுவாகத் திரும்பினாள்.

"எந்த எட்டு மாமி?"

மாமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன் நம்பர் அறுபத்தெட்டாம்மா?" என்று சண்முகவடிவு கேட்டாள்.

"ஆமா. நூத்தி அறுபத்தெட்டு."

"அறுபத்தெட்டு லிஸ்ட்ல இல்லம்மா. இப்பத்தான் பேப்பர் ஆபீசுல கேட்டேன்."

கபாலி தட்டை ஒரு சைக்கிளின் கேரியர்மேல் வைத்தார். "இன்னாம்மா பேசற? எங்க பொண்ணு நம்பர அச்சடிச்சிக் கீதே, கண்ணு தெரியல?"

"அது மூணுங்க. மை அடைச்சு எட்டாயிடுச்சு. அந்த எழுத்த வரைஞ்சது நான்தான். தப்பு என்னோடது."

"நீ வரைஞ்சியா?" கபாலி ஓரடி முன்னால் வந்தார். "பெரிய எடத்துப் பொண்ணு பாஸாவணும்னா எங்க பொண்ணு பெயிலாவணுமா? மூணுன்றே, எட்டுன்றே, இன்னா ஆட்டம் ஆடறீங்க?"

கூட நின்றவர்களில் ஒருவன் "அதான, கேளு நைனா" என்றான். சண்முகவடிவு நகரவில்லை. அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றதாகப் பின்னால் சொன்னாள்.

சுலோச்சனாதான் கையை நீட்டினாள். "அந்தக் கண்ணாடியக் குடுங்கக்கா."

தாளை ஸ்டூலின் ஓரத்தில் விரித்து, ஒற்றைக் கையாலேயே பார்த்தாள். அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு மேலே போய் வேறோர் எட்டைப் பார்த்தாள். திரும்பவும் கீழே வந்தாள். தெருவில் ஒரு பஸ் போய், அடுத்த பஸ்ஸும் போனது.

"மூணுதான் நைனா" என்றாள். அப்புறம்தான் சுப்புலக்ஷ்மியின் மணிக்கட்டை விட்டாள்.

அன்று மாலைவரை சண்முகவடிவும் வலியுல்லாவும் அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து மூலப் பட்டியலோடு ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டார்கள். அடைத்துப்போன மூன்றுகள் நூற்றுக்கு மேல் இருந்தன. மறுநாள் திருத்தம் வெளியானது. ஒவ்வோர் எண்ணையும் படித்துக்காட்டும்போது, அந்த எண்ணுக்குரிய வீட்டில் இந்நேரம் என்ன நடந்திருக்கும் என்று அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மாணிக்கவாசகம் மூன்றை மாற்ற ஒப்பவில்லை. "நாப்பது பிரஸ்ஸுக்கு அனுப்பியாச்சு. இப்ப போயி தப்புன்னா நம்ம பேரு என்னாகும்?" என்றார். மாற்றாவிட்டால் அந்த நாற்பது அச்சகங்களுக்கும் தன் கையெழுத்தில் கடிதம் போடப்போவதாக அவள் சொன்னாள். இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் "வரைஞ்சு கொண்டா" என்றார். மணிகளை வெட்டினாள். மூன்றின் வாயை அகலமாகத் திறந்தாள். ஆறு, ஒன்பது இரண்டையும் திரும்ப வரைந்தாள். கோடுகள் சேரும் மூலைகளில் மை நிற்பதற்கென்று சிறு பள்ளம் விட்டாள். ஆகஸ்டில் வலியுல்லா வேண்டுமென்றே மையை அள்ளிவிட்டு ஓட்டிப் பார்த்தார். மூன்று மூன்றாகவே நின்றது. அழகில் பழையதன் பக்கத்தில் வராது. அவளே அதைச் சொல்வாள்.

சுலோச்சனா கணக்கில்தான் தவறியிருந்தாள். சாயங்காலம் தவறாமல் சுப்புலக்ஷ்மி சைக்கிள் கடைக்கு வந்து, டியூப் ஒட்டும் மேஜையின் ஒரு மூலையில் அவளோடு கணக்குப் போட்டாள். மாமி தடுக்கவில்லை. மறுதேர்வில் சுலோச்சனா ஐம்பத்தோரு மதிப்பெண் வாங்கித் தேறினாள். பிறகு டெலிபோன் ஆபீசில் வேலை கிடைத்து, நெடுங்காலம் அங்கே இருந்தாள். வழியில் பார்த்தால் நின்று "அக்கா" என்று பேசிவிட்டுத்தான் போவாள்.

கபாலி கடைசிவரை சண்முகவடிவோடு பேசவில்லை. அவள் தெருவில் வந்தால் பம்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்துவிடுவார். அவர்மேல் அவளுக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை.