குமிழைத் திருகிய கை

சொந்தப் பாட்டு மட்டுமே பாடிய எங்கள் பாப் குழு பன்னிரண்டு வருஷம் கழித்துக் கரமனையில் மறுபடி சேர்ந்தது. இரண்டாவது குரல் நான். சவுண்டுக்குப் பழைய ஆளே வந்திருந்தார், காதில் அதே பென்சில். ஒத்திகையில் நான் வாய் திறக்கும்போதெல்லாம் அவர் கை ஒரே குமிழைத் திருகியது.

“அண்ணாச்சி, என் மைக்கைக் குறைக்கிறீங்களா?”

“குறைக்கல்ல சாரே, அணைக்கேன். உங்க முன்னால உள்ள பெட்டியில மட்டும் கேக்கும், ஜனத்துக்குக் கேக்காது. பண்டும் அப்படித்தானே.”

“எல்லாக் கச்சேரியிலுமா?”

“பின்னே? அதனாலல்லே ஆளுக இப்பவும் உங்க குழுவைத் தேடுது. இன்னைக்குத் திறந்து விடட்டா?”

“உங்க இஷ்டம்” என்றேன் வீரமாக.

அன்று கச்சேரி முடிந்ததும் கைதட்டல் அடங்க நேரமானது. ஓடிப்போய், “திறந்தீங்களா?” என்றேன்.

“கை தட்டினாங்கல்லே சாரே” என்று சொல்லிவிட்டு வயர் சுருட்டப் போனார். அந்தக் கைதட்டலை இன்றும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை.