முறிந்தது கால்தான்

இரணைமடுக் குளத்தின் கீழ்ப்பக்க வயல்காரர்களுக்கு ஜெகதீஸ்வரியிடம் வாய் கொடுக்கப் பயம். கணவனைக் கடைசி யுத்தத்தில் கடற்கரை மணலில் புதைத்துவிட்டு, முகாமில் இருந்து மகன் பிரசாந்தனோடு திரும்பி வந்தபோது காணி முழுக்கப் பற்றை ஏறிக் கிடந்தது. குத்தகைக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இரு என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் ஒரு பழைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை வாங்கித் தானே கைப்பிடியைப் பிடித்து உழுதார். பார்த்துச் சிரித்தவர்கள் அடுத்த போகத்துக்கு அதை வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். கொடுத்தார். ஆனால் ஓட்டுவதற்கு வேறு ஆளை விடவில்லை.

எழுபதைத் தாண்டிய பிறகு ஒரு காலை தேத்தண்ணீர் குடிக்கும்போது அவருடைய வாய் ஒருபக்கம் கோணியது. கையும் வழங்கவில்லை. மத்தியானத்துக்குள் தெளிந்துவிட்டது. இதயம் தாளம் தப்பி அடிப்பதால் இரத்தம் உள்ளே கட்டியாகி மூளைக்குப் போகிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். இரத்தத்தை உறையவிடாமல் வைக்க வார்ஃபரின் என்ற குளிசை கொடுத்து, ஒரு நாளும் தவறவிடக் கூடாது என்று மருமகள் வினோஜாவுக்குப் படித்துப் படித்துச் சொன்னார்கள். அன்றிலிருந்து பின்னேரங்களில் குளிசையும் தண்ணீருமாக வினோஜா வந்து நிற்பாள். மாமி முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவார்.

போன மாரியில் அயல்வீட்டு மாடு பயிருக்குள் இறங்கியது. கலைக்க ஓடிய ஜெகதீஸ்வரி வரம்பில் சறுக்கி விழுந்தார். இடுப்பில் ஏதோ மடக்கென்றது. எழும்ப முடியவில்லை. மாடு வெளியேறும்வரை படுத்தபடியே சேற்றை அள்ளி எறிந்திருக்கிறார். பிரசாந்தன் வந்து பார்த்தபோது இரண்டு கையிலும் சேறு இருந்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இடுப்போடு சேரும் இடத்தில் தொடை எலும்பு முறிந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்து கம்பி வைக்கவேண்டும். ஆனால் குளிசையால் இரத்தம் தண்ணீராய் ஓடும் நிலையில் இருந்தது. முறிந்த இடத்தில் உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்து, தொடை முழங்கால்வரை கறுத்துப்போய் வீங்கியிருந்தது. குளிசையை நிறுத்தி, அதன் வேலையை முறிக்கும் ஊசி போட்டார்கள்.

மறுநாள் சோதித்தபோது இரத்தம் எதிர்பார்த்த அளவுக்கு இறுகவில்லை. மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் அருந்ததி காரணம் தேடினார். கடைசியில் வினோஜாதான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள்.

"நான் நேற்றுப் பின்னேரமும் வீட்டில இருந்த குளிசையைக் கொண்டுவந்து குடுத்தனான் டொக்டர். விடக்கூடாது எண்டு சொன்னவை."

பக்கத்தில் நின்ற தாதி அவளை ஏசத் தொடங்கினார். கட்டிலில் இருந்து ஜெகதீஸ்வரியின் குரல் கிளம்பியது.

"அவளை ஏசாதேங்கோ மிஸ்ஸி. சொன்னதைக் கேட்டு நடந்த பிள்ளை. நிப்பாட்டினது எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அருந்ததி தாதியைக் கையால் மறித்தார். "அம்மா சொல்றது சரி. நாங்கள் சொல்லியிருக்கவேணும்."

சத்திரசிகிச்சை தள்ளிப்போனது. அதற்குள் வவுனியாவில் இருந்து கணவனின் தம்பி கனகலிங்கம் வந்து சேர்ந்தார்.

"மச்சாள், இந்த வயசில கத்தி வைக்கிறது சரிவராது. இரத்தம் நிக்காட்டி என்ன செய்யிறது? வீட்ட கொண்டுபோய் முறிவு வைத்தியரிட்ட மூலிகைப் புக்கை கட்டுவம். படுத்திருந்தால் மெல்ல மெல்லப் பொருந்தும்."

பிரசாந்தனுக்கும் அதுவே பத்திரம் என்று பட்டது. சம்மதப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாயைப் பார்க்காமல் நின்றான். ஜெகதீஸ்வரி அருந்ததியைக் கூப்பிட்டார்.

"ஒளிக்காமல் சொல்லுங்கோ. செய்தால் சாவனோ?"

"சாகலாம் அம்மா. உங்கட இதயமும் வயசும் அப்படி. இரத்தம் கூடப் போகும், ஏத்தவேண்டி வரும். குளிசையை நிப்பாட்டினதால திரும்பவும் பாரிசவாதம் வாறதுக்கும் இடமிருக்கு."

"செய்யாட்டி?"

"நடக்கேலாது. படுக்கையில புண் வரும். நெஞ்சில சளி கட்டும். கன காலம் தாங்காது."

ஜெகதீஸ்வரிக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் தன்னை மற்றவர்கள் புரட்டிப் போட்டுத் துடைப்பதை நினைத்தபோது வந்த கோபம் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"பேனையைத் தா" என்றார் மகனிடம்.

"அம்மா, சித்தப்பா சொல்றதையும் ஒருக்கா…"

"முறிஞ்சது கால்தான். கை நல்லாத்தான் கிடக்கு. என்ர உடம்புக்கு நான் கையெழுத்து வைக்கிறன்."

இரத்தம் இறுகி வந்த காலையில் அவரைத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். வெளியே வாங்கில் கனகலிங்கம் திருநீற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். வினோஜா உட்காரவில்லை, நின்றாள். நினைத்ததைவிட இரத்தம் கூடப் போனது. கம்பி வைக்கும்போதே ஒரு பை ஏற்றினார்கள். வாட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இன்னொரு பை தொங்கியது.

கண் திறந்த ஜெகதீஸ்வரி அந்தச் சிவப்புப் பையைத்தான் முதலில் பார்த்தார். கனகலிங்கம் குனிந்து மெல்லிய குரலில் சொன்னார்.

"ஆரின்ர இரத்தமோ தெரியாது மச்சாள். கேட்டால் சொல்லீனமில்லை. என்ன ஆக்களோ, எந்தப் பக்கத்து ஆக்களோ."

ஜெகதீஸ்வரிக்கு நாக்கு வறண்டிருந்தது. ஆனாலும் சொன்னார்.

"தம்பி, அந்த மணலில எங்கட இரத்தம் எவ்வளவு போச்சுது? அது ஆரின்ர எண்டு ஆரும் கேட்டவையோ? ஆரோ ஒரு பிள்ளை கையை நீட்டிக் குடுத்திருக்கு. அது நல்லா இருக்கவேணும். நீங்கள் விசர்க்கதை கதையாதேங்கோ."

கனகலிங்கம் பொட்டலத்தைப் பிரித்து அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

அடுத்த நாளே எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றார். வலியில் கண்ணீர் ஓடியது. அழுகிறீர்களா என்று கேட்ட தாதியிடம், கண் தன்பாட்டில் வேர்க்கிறது என்றார். சில நாள் பொறுத்து, காயத்தில் கசிவு இல்லை என்று பார்த்தபின், வார்ஃபரினைத் திரும்பத் தொடங்கினார்கள். இந்த முறை அருந்ததி வினோஜாவைப் பக்கத்தில் இருத்தி, எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது, பல் பிடுங்கப் போனாலும் முதலில் என்ன சொல்வது என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார்.

இப்போது ஜெகதீஸ்வரிக்கு ஒரு கால் சற்றுக் கட்டை. லாண்ட்மாஸ்டரைப் பிரசாந்தன் ஓட்டுகிறான். வயலுக்கு வரவேண்டாம் என்று அவனும் சொல்லிப் பார்த்தான், வைத்தியரும் சொல்லிப் பார்த்தார். இந்த மாரிக் காலபோக விதைப்பன்று அவர் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வாய்க்கால் பாதையால் வந்து நின்றார்.

"அம்மா, போய் இருங்கோ. நான் பார்ப்பன்."

"அந்த மூலையில நெல்லு ஐதாய் விழுந்திருக்கு. இன்னொருக்கா எறி."

அவன் திரும்பிப் பார்த்தான். உண்மையில் அந்த மூலையில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் ஒரு கை அள்ளி எறிந்தான். அவர் அசையாமல் நின்று அடுத்த மூலையைப் பார்த்தார்.