வெற்றுப் பின்பக்கங்கள்

அப்பா பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் ஸ்கேன் எடுப்பவர். கீழ்த்தளத்தில், ஒரே நாற்காலியில், இருபத்தாறு வருடம். கடிதத்தை வைத்து எடுப்பார். பிறகு அதைத் திருப்பிப் போட்டு, எழுத்தே இல்லாத பின்பக்கத்தையும் எடுப்பார். ஒன்றைக்கூட விட்டதில்லை. அதனால் அவருக்கு அங்கே 'வெள்ளைத்தாள்' என்று பெயர்.

"என்ன வெள்ளைத்தாள், இன்னைக்கு எத்தனை வெள்ளை?" என்று அங்கே பழைய தாள்களைத் தைத்து அட்டை போடும் பைண்டர் வம்புக்கு இழுப்பார்.

"ஒண்ணுமில்லைன்னாலும் ஒருத்தன் பாத்துச் சொல்லணும்ல."

அந்தக் கடிதங்களை இணையக் கண்காட்சியாக்கும் வேலை, மென்பொருள் எழுதும் அவர் மகளிடம் வந்தது. சர்வரில் இடம் போதவில்லை. வெற்றுப் பக்கங்களைத் தேடி அழிக்கும் நிரல் ஒன்றை ஒரே மதியத்தில் எழுதி ஓட்டினாள். முப்பத்தோராயிரம் பக்கம் போனது. காப்புப் பிரதியிலும்தான்.

"எல்லாத்தையுமா?" என்று சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"வெறும் வெள்ளைதானேப்பா."

"சரிம்மா." எழுந்து தட்டைக் கழுவப் போனார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாலாவது மாதம் நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனை போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

கண்காட்சி திறந்த வாரம் ஒரு வயதான அம்மா காப்பகத்துக்கே வந்தார். அவருடைய அண்ணன் சிறையிலிருந்து எழுதிய கடிதம் அதில் இருந்தது.

"பின்பக்கம் எங்கம்மா? சின்னப்பிள்ளையில, கடிதம் வீட்டுக்கு வந்தப்ப, அதுக்குப் பின்னால என் கையை வச்சு பென்சில்ல வரைஞ்சேன். இங்க இருந்த சார் முன்னே காட்டினாரே?"

மங்கிய பென்சில் கோட்டை மகளின் நிரல் வெள்ளை என்றே கணக்கிட்டிருந்தது.

மூலக்கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழே போனாள். பின்பக்கத்தை ஸ்கேன் எடுத்தாள். முன்பக்க மை தாளை ஊடுருவித் தெரிந்தது. கோடு அதில் காணாமல் போனது. மறுபடி எடுத்தாள். அதே கதை.

"கறுப்பு அட்டை வைக்கலையா?" என்றார் பைண்டர். "உங்கப்பா ஒவ்வொரு தாளுக்கும் மேல வைப்பாரு. அப்பதான் அந்தப் பக்கத்து மை இந்தப் பக்கம் தெரியாது."

அட்டை இழுப்பறையில் இருந்தது. ஒரு மூலை கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது. அவள் அந்த மூலையைப் பிடித்து வைத்தாள். திரையில் ஐந்து சின்ன விரல்கள் வந்தன.

அந்த அம்மாவிடம் காட்டிவிட்டு வந்து அடுத்த கடிதத்தை எடுத்தாள்.

"எல்லாத்தையுமா?" என்றார் பைண்டர்.

"எல்லாத்தையும்தான் மாமா."

தாளைத் திருப்பினாள், அட்டையை வைத்தாள், எடுத்தாள். திரையை உற்றுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. சேமித்தாள்.