வெள்ளை முகூர்த்தப் புடவை

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் குடியிருந்த நெசவாளர் தெருவில் எங்களுடையது ஒன்றுதான் வேதக்கார வீடு. நான் பள்ளிக்கூட டீச்சர். வாய் சும்மா இருக்காது. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு போய் ஒரு ஜெபமும் செய்துவிட்டு வருவேன். கஞ்சியைக் குடித்து, ஜெபத்துக்குக் கண்ணையும் மூடி, சாயங்காலம் வழக்கம்போல ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போவார்கள். எனக்கு அதில் கோபம் கிடையாது. நானும் விடுவதாயில்லை.

என் பேச்சை அதிகம் கேட்டவர் அடுத்த வீட்டு அக்கா. புருஷன் போனபின் அவருடைய தறியில் தானே உட்கார்ந்து நெய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். அருமையான கை. ஆனால் பட்டு முதலாளிகள் அவரிடம் சாதாரணப் புடவைகளைத்தான் கொடுப்பார்கள். முகூர்த்தப் புடவைக்கான பாவு நூல் அவர் வீட்டு வாசற்படி ஏறாது. தாலியறுத்தவர் கை பட்ட புடவையைக் கட்டிக்கொண்டு எந்தப் பெண் மணையில் உட்காருவாள்? தெருவில் யாருக்கும் இது கொடுமையாகத் தெரியவில்லை, அக்காவுக்கும்தான். பக்கத்தில் யாராவது தறியில் புதுப் பாவு பிணைத்து விளக்கேற்றினால் தன் கதவைத் தானே சாத்திக்கொள்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஆண்டவர் முன்னால் இதெல்லாம் கிடையாது அக்கா என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே தறி நாடாவை ஓட்டுவார்.

அப்போதுதான் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்களுக்குப் பெற்றோர் இல்லாததால் எல்லாம் என் தலையில். மாப்பிள்ளை வாலாஜாபாத், தகப்பனார் இல்லை, அம்மா மட்டும். எங்கள் வழக்கத்தில் கல்யாணப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. போதகர் அதன்மேல் ஜெபித்துக் கொடுப்பார். பட்டு நெய்கிற ஊரிலேயே இருக்கிறீர்களே, நீங்களே சொல்லி நெய்துவிடுங்கள் என்றார் சம்பந்தியம்மா. வெள்ளைப் பட்டு, ஜரிகைக் கரை. நான் புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார்: சுமங்கலி கையால் நெய்ததாக இருக்கட்டும்.

சுருக்கென்றது. ஞாயிறு தவறாமல் ஆலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர் சொல்கிற பேச்சா இது? அங்கே நான் வாயைத் திறக்கவில்லை, அது எனக்கே அதிசயம். அக்காதான் நெய்ய வேண்டும் என்று திரும்பி வந்த பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா தறியை விட்டு எழுந்தேவிட்டார்.

"வெள்ளையிலயா கல்யாணம் பண்ணுவீங்க?"

பெண்ணுக்கு வெள்ளைதான் என்றேன். தான் கட்டியிருந்த வெள்ளைச் சேலையை ஒருமுறை குனிந்து பார்த்தார்.

"எனக்கு வேணாம் டீச்சர்மா. நாளிக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு தலவலி வந்தாலும் என் கை பட்டதாலதான்னுவாங்க. இப்ப குடுத்துக்கினு இருக்கற பாவையும் நிறுத்திடுவாங்க. புள்ளைங்கள வச்சிக்கினு நான் எங்க போவேன்?"

நியாயமான பயம். ஏதாவது போனால் போவது என் சோறு இல்லை, அவருடையது. ஆகவே தங்கையைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அவள் அதிகம் பேசாதவள். நீங்கள் நெய்யாவிட்டால் எனக்குப் பட்டே வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அக்கா அவளைப் பார்த்துச் சரியென்று தலையை ஆட்டினார். யார் நெய்கிறார் என்று வாலாஜாபாத்துக்கு ஒளிக்காமல் சொல்லியனுப்பினேன். பதில் வரவில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று தைரியமாக இருந்தேன். அதில் கொஞ்சம் என் திமிரும் உண்டு.

புதுப் பாவுக்கு விளக்கேற்ற யாரும் வரவில்லை. நான் போய் ஜெபம் செய்தேன். தெருவுக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? முதலாளியின் ஆள் ஒருவர் வந்து தறியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து அக்காவுக்குப் பாவு வரவில்லை. நான் பதறிப்போனேன். அவர் நெய்வதை நிறுத்தவில்லை.

கல்யாணத்தன்று அக்கா வந்து ஆலயத்துக்கு வெளியே மரத்தடியில் நின்றுகொண்டார். நான் போய்க் கையைப் பிடித்து, தங்கை உடுத்திக்கொண்டிருந்த அறைக்கு இழுத்து வந்தேன். புதுப் பட்டு விறைத்துக்கொண்டு, யார் மடித்தாலும் கொசுவம் படியவில்லை. அக்கா தயங்கித் தயங்கிக் கை வைத்தார். நெய்த கைக்கு அடங்கியது. அந்த நேரம் பார்த்து வாசலில் சம்பந்தியம்மா. அக்கா சட்டென்று கையை எடுக்க, மடிப்பெல்லாம் சரிந்தது.

நான் சண்டைக்குத் தயாராகிவிட்டேன். நாக்கு நுனியில் வசனங்கள் வந்து நின்றன. ஆனால் சம்பந்தியம்மா உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே ஒதுங்கி நின்று, பெண்ணைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள், இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்றார். சுமங்கலி வேண்டும் என்று அவர் கேட்டது தன்னையும் தள்ளி வைத்துத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெற்ற மகன் கல்யாணத்தில், மருமகள் பக்கத்தில் வரப் பயந்து நிற்கிறார்.

எனக்கு முன்னால் அக்கா வாசலுக்குப் போய்விட்டார்.

"உள்ள வாங்கம்மா. டீச்சர்மா சாமி முன்னாடி இதெல்லாம் கெடையாதாம். நானே வந்து தொட்டுட்டேன், பெத்தவங்க நீங்க வெளிய நிக்கறீங்களே."

சம்பந்தியம்மா அழுதுவிட்டார். அக்கா அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்து கொசுவத்தின் ஒரு முனையை அந்தக் கையில் கொடுத்தார். இருவரும் சேர்ந்து மடித்துச் செருகினார்கள். நான் பேசாமல் ஊக்கு எடுத்துக் கொடுத்தேன். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், புடவை யார் நெய்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சம்பந்தியம்மாவே அக்காவைக் கைகாட்டினார். அந்த வருஷம் சுற்றுவட்டார வேதக்கார வீடுகளின் கல்யாணப் புடவைகள் அக்கா தறிக்குத்தான் வந்தன.

கொஞ்ச நாள் கழித்து எங்கள் போதகர், அந்த அம்மா எப்போது ஞானஸ்நானம் எடுத்துக்கொள்வார் என்று என்னிடம் விசாரித்தார். அக்கா அன்று காலையும் கோயிலுக்குப் போய்த் திருநீறு இட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"அது அவங்க இஷ்டம் ஐயா," என்றேன். "ஆனா எங்க சம்பந்தியம்மாவுக்கு அன்னிக்கு அந்த ரூம்ல ஞானஸ்நானம் குடுத்தது அவங்கதான்."