என் சட்டையை உடுத்தி வந்தவள்

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள், எனக்கு நஷ்டமில்லை. இது எனக்கு நடந்தது. தைவானில், எங்கள் ஆற்றோர ஊரில், என் பதினாறாவது வயதில்.

பெய்ஜுன் ஆறு வயதிலிருந்து என் தோழி. தோழி என்று சொல்ல வாய் கூசுகிறது. வகுப்பில் கண்ணாடியை உடைப்பது அவள், வெளியே முட்டி போடுவது நான். "எனக்குப் பதிலா நீ போடீ" என்பாள். ஊசி போன வழியில் நூலாகப் போவேன். அந்தக் கோடையில் ஆற்றில் குளிக்கும்போது என் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். மூச்சு முட்டிக் கைகால் அடித்துக்கொண்டேன். அப்போதும் விடவில்லை. கரையேறியதும் சிரித்தாள்.

"சும்மா விளையாட்டுக்குடீ, பயந்தாங்கொள்ளி."

அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

அடுத்து வந்தது ஏழாம் மாதம். எங்கள் பக்கம் பேய்களுக்குக் கதவு திறந்துவிடும் மாதம். யாரும் ஆற்றில் இறங்க மாட்டார்கள்; மூழ்கிச் செத்தவர்கள் தங்களுக்குப் பதிலாக ஓர் ஆளை உள்ளே இழுத்தால்தான் மேலே வர முடியுமாம். இருட்டிய பிறகு கொடியில் துணி இருந்தால் அவை எடுத்து உடுத்திக்கொள்ளும் என்பார்கள். அம்மா இரவுச் சந்தையில் கணவாய் பொரித்து விற்பவள். கிளம்பும்போது துணியை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனாள். டிவி பார்த்தபடி மறந்துவிட்டேன்.

மணி ஏழு பத்து. வாசலில் கொடிக்கம்பி... கிரீச்... கிரீச்...

காற்றே இல்லை.

எட்டிப் பார்த்தேன். பெய்ஜுன் நின்றிருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உடம்பில் என் பள்ளிச் சட்டை.

"லான்யீ, உன் சட்டை எனக்குச் சரியா இருக்குடீ."

"கழட்டிக் குடு."

"ஆத்துக்கு வா, தரேன்."

போகக் கூடாது என்று மனசு சொன்னது. கால் கேட்கவில்லை. பத்து வருஷப் பழக்கம்.

அவள் முன்னால் நடந்தாள். சொத்... சொத்... தெருநாய்கள் குரைக்காமல் ஒதுங்கின. அவள் திரும்பவே இல்லை. ஆனால் குரல் என் காதருகே கேட்டது.

"எனக்குப் பதிலா..."

கால் சில்லிட்டது.

முழங்கால்...

இடுப்பு...

"யாருகூடடீ பேசுற?"

அம்மா. எதையோ எடுக்கச் சந்தையிலிருந்து திரும்பியவள், பாலத்திலிருந்து என்னைப் பார்த்து, ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். முடியைப் பிடித்து இழுத்தாள். ஆற்றில் வேறு யாரும் இல்லை. என் சட்டை மட்டும் மிதந்து போனது.

பெய்ஜுன் அன்று பிற்பகலே மூழ்கிவிட்டாள் என்று மறுநாள்தான் தெரிந்தது. துணைக்கு யாரும் வராததால் தனியாக இறங்கினாளாம். உடல் கிடைத்தது. ஆனால் எங்கள் வழக்கப்படி ஆவியையும் கரையேற்ற வேண்டும். பூசாரி ஆற்றங்கரையில் நின்று, குறி கேட்கும் பிறைக்கட்டைகளை உருட்டினார். இரண்டில் ஒன்று மல்லாந்து, ஒன்று கவிழ்ந்தால் 'ஆம்'.

"மேல வர்றியா?"

இல்லை. திரும்பத் திரும்ப இல்லை.

"யாருக்காச்சும் காத்திருக்கியா?"

ஆம்.

அவள் அம்மா ஒவ்வொரு பெயராகச் சொன்னாளாம். என் பெயருக்கு 'ஆம்' விழுந்தது. தொடர்ந்து மூன்று முறை.

அன்று மாலை அந்த அம்மா எங்கள் வாசலில் வந்து மண்டியிட்டாள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"ஒரே ஒரு தரம் ஆத்துல வந்து நில்லும்மா. என் பொண்ணு மேல வந்துடுவா."

அம்மா கதவைச் சாத்தினாள். விடிவதற்குள் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டோம்.

இந்த வருஷமும் ஏழாம் மாதம் கட்டை உருட்டிக் கேட்டார்களாம். அவள் இன்னும் மேலே வரவில்லை.