முறைப் பையன்தானே என்றார்கள்

என் தங்கையின் கல்யாணப் படத்தை நான் வட்டக்கானலில் ஒரு விடுதியின் சமையலறையில் நின்றுகொண்டு பார்த்தேன். சுற்றுலா வந்தவர்களுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் போட்டிருந்தார்கள். கழுத்தில் மாலை, உடம்பில் சிவப்புப் பட்டு. கழுத்தோரத்தில் பள்ளிச் சீருடையின் காலர் எட்டிப் பார்த்தது. சீருடையைக் கழற்றக்கூட நேரம் தராமல் அதன் மேலேயே சேலையைச் சுற்றியிருக்கிறார்கள். அவளுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்றவன் எங்கள் அத்தை மகன். முப்பதை நெருங்கியவன். மேல்மலையிலிருந்து பூண்டும் காரட்டும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு வேன் ஓட்டுகிறவன். படத்துக்குக் கீழே வாழ்த்துகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. கும்பிடும் கை, பூங்கொத்து, மறுபடி கும்பிடும் கை. அந்தக் காலர் ஒருவர் கண்ணிலுமா படவில்லை? பட்டிருக்கும். அதுதான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது.

கூக்காலில் இருந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். அப்பா இறந்த பிறகு அம்மா பூண்டுக் காட்டில் கூலி வேலை பார்த்துத்தான் தங்கையைப் படிக்க வைத்தாள்.

“அவ பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கா தாயி. வெள்ளனே பஸ்சுக்குக் கெளம்பிப் போனாளே” என்றாள். நான் படத்தைப் பற்றிச் சொன்னதும் போனை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

காரட் ஏற்றிவந்த ஒரு ஜீப்பில் அம்மா இறங்கி வந்தாள். இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே இருந்தவர் படத்தைப் பார்த்தார்.

“யாரும்மா பையன்?”

“எங்க அத்தை மகன் சார்.”

எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “முறைப் பையன்தானே. பெரியவங்கள வச்சுப் பேசி முடிங்க. கேசு கீசுன்னு போனா ஓடிப்போன பொண்ணுன்னு பேருதான் மிஞ்சும்.”

“அவ ஓடிப் போகல சார். தூக்கிட்டுப் போயிருக்காங்க.”

“தூக்கிட்டுப் போனவன் கூட மாலையப் போட்டுக்கிட்டு நிப்பாளா?”

முறை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் எதைத்தான் செய்யமாட்டார்கள்! பிறக்கும்போதே ஒரு பெண்ணின் மேல் யாருக்கோ சீட்டு எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி பேசுவார்கள். ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு போனால் திருட்டு. ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு போனால் உறவு.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. அங்கேயே, அவருக்கு முன்னாலேயே, குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். என் குரல் அந்தக் கட்டிடம் முழுக்கக் கேட்டது. வேண்டுமென்றுதான் கத்தினேன்.

மறுநாள் திண்டுக்கல்லிலிருந்து குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி வந்தார். ஒரு பெண். அதிகம் பேசமாட்டார். படத்தைக் கேட்டார், பிறப்புச் சான்றிதழைக் கேட்டார், வழக்குப் பதியச் சொன்னார். முதல் நாள் எங்களைத் துரத்திய அதே மனிதர் எங்களுக்கு டீ வாங்கிவரச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

வத்தலக்குண்டைத் தாண்டி ஒரு மாந்தோப்பு வீட்டில் தங்கையைக் கண்டுபிடித்தார்கள். நாங்களும் போயிருந்தோம். அவள் அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து, அம்மாவின் முகத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தாள். அழவில்லை. “அம்மா, ஒனக்கு நல்லாயிருச்சா?” என்று கேட்டாள்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். அன்று காலை பனிமூட்டத்தில் பஸ்சுக்கு நின்றவள் அருகே வேன் வந்து நின்றிருக்கிறது. முன் சீட்டில் அத்தை. “ஏத்தா, ஒங்கம்மா காட்டுல மயங்கி விழுந்துட்டா. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு. வெரசா ஏறு” என்றிருக்கிறாள். மலை இறங்கும்போது, டாக்டர் கைவிரித்துவிட்டார் என்றும், உன் கழுத்தில் தாலியைப் பார்த்துவிட்டால் அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடுவாள் என்றும் சொல்லியிருக்கிறாள். தாலி கட்டிய பிறகு, அம்மா அவசரப் பிரிவில் கிடக்கிறாள், பார்க்க விடமாட்டார்கள் என்று சொல்லியே தோப்பு வீட்டில் வைத்திருந்திருக்கிறார்கள். பெற்ற தாயின் உயிரைச் சொல்லி ஒரு பிள்ளையை ஏமாற்றியவள் எங்கள் அப்பாவோடு ஒரே வயிற்றில் பிறந்தவள்.

அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. அவள் அதை நீதிபதியிடம் சொல்லிவிட்டாள். அது போதும்.

வண்டியில் ஏறும் முன் அவள் கழுத்துக் கயிற்றில் கை வைத்தாள். அம்மா பதறிப்போய், “வேணாந்தாயி, கட்டுனவன் உசுரோட இருக்கையில கழட்டக் கூடாது” என்றாள். எனக்கு அம்மாவின் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தங்கை அம்மாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. தலை வழியாகக் கழற்றி அதிகாரியிடம் நீட்டினாள்.

“இது என்னுது இல்ல மேடம்.”

ஊர் அதன்பிறகுதான் தன் முகத்தைக் காட்டியது. பூண்டு உரிக்க அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. “குடும்பச் சண்டையக் கோர்ட்டுக்குக் கொண்டு போயிட்டீங்களே” என்று பெரிய மனிதர்கள் வீடு தேடி வந்து வருத்தப்பட்டார்கள். பிள்ளையைக் காணாத அன்று தேடிவர அவர்களில் ஒருவருக்கும் கால் இல்லை.

“விட்டுருவோமா தாயி? ஊருல தலைகாட்ட முடியல” என்றாள் அம்மா.

“யாரும்மா தலைகாட்டக் கூடாது? நாமளா, அவிங்களா?”

இருவரையும் வட்டக்கானலுக்கே அழைத்துவந்தேன்.  என் கணவர் எங்கள் கட்டிலை அவர்களுக்கு விட்டுவிட்டுத் தரையில் பாயை விரித்தார். கொடைக்கானலில் சேர்க்கப் போன பள்ளியில், “மத்த பேரன்ட்ஸ் அப்ஜெக்‌ஷன் பண்ணுவாங்களே” என்றார் தலைமையாசிரியை. “எதுக்கு மேடம்? இவ என்ன ஒட்டுவாரொட்டியா?” என்று கேட்டேன். அதிகாரி பேசிய பிறகுதான் இடம் கிடைத்தது.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. நாள் குறிப்பார்கள், மலை இறங்கிப் போவோம், வேறு நாள் கொடுப்பார்கள். தங்கை சாட்சி சொன்ன அன்று கதவைச் சாத்திவிட்டார்கள். நான் வெளியே நின்றேன். அத்தை எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“அப்பன் இல்லாத பிள்ளைக்கு ஒரு வழி பண்ணுனேன். அது குத்தமாடி?” என்றாள்.

“ஒங்க மகளுக்கும் இப்படித்தான் வழி பண்ணுனீங்களா அத்தை? அவளக் காலேஜ் முடிக்க வச்சுல்ல கட்டிக் குடுத்தீங்க?”



உள்ளே நடந்ததை, திரும்பும் வழியில் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் தங்கை சொன்னாள். வழியில் வேன் டீக்கடையில் நின்றதாமே, ஏன் கத்தவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் நீதிபதி வழியாகக் கேட்டிருக்கிறார்.

“நீ என்ன சொன்ன?”

“எங்கம்மா சாகக் கெடக்குன்னு சொன்னாங்க, நான் எதுக்குக் கத்தப் போறேன்? டீ குடிக்காதீங்க, வெரசா போங்கன்னு அழுதேன்னு சொன்னேன்க்கா. ஜட்ஜம்மா அத அப்படியே எழுதிக்கிச்சு.”

அத்தைக்கும் அவள் மகனுக்கும் தண்டனை கிடைத்தது. தீர்ப்பைக் கேட்ட அன்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். அத்தை முதலில் ஜாமீனில் வந்தாள், பிறகு அவனும் வந்துவிட்டான். அதே மலைப்பாதையில் வேன் ஓட்டுகிறான். வழக்கு இன்னும் மேலே இருக்கிறது. நீதி கிடைத்துவிட்டதே என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கிடைத்தது பாதி. அதற்கே எங்கள் உயிர் போய் வந்தது.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் இருந்த பெரியப்பா எனக்குக் கேட்கும்படியே யாரிடமோ சொன்னார்: “பாவம், அவன் வாழ்க்கைதான் வீணாப் போச்சு.”

கையிலிருந்த சோற்றை இலையில் உதறிவிட்டு எழுந்தேன். தங்கை என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். இப்போது நர்சிங் படிக்கிறாள். பெரியப்பாவை நேராகப் பார்த்து, “அவன் வீணாப் போகல பெரியப்பா, வேன்தான் ஓட்டுறான். ஒங்க பேத்தியும் அந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போறா, பாத்துக்கோங்க” என்றாள்.

 பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டுக் கைகழுவப் போனார். தங்கை ரசம் ஊற்ற வந்தவரிடம், “இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கண்ணே” என்றாள்.