தபாற்கந்தோர் யன்னலடிக் குழாய்

அறுபதுகளில் கிளிநொச்சிப் பக்கத்தில் கலியாணம் என்றால் ஒலிபெருக்கிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். கார் பற்றரியில் ஓடும் ஒரு அம்பிளிபயர், இரண்டு மைக், மூன்று ஒலிபெருக்கிக் குழாய், அவ்வளவுதான் என் சொத்து. தலைக்கனம் மட்டும் அதைவிடக் கூட இருந்தது.

அந்தக் கலியாணத்தில் பெண்ணின் அண்ணன் கொழும்பில் பஸ்ஸிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தான். தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டியவன். தகப்பனில்லாத வீட்டில் தங்கையை வளர்த்துவிட்டவனும் அவன்தான். "அண்ணையின்ர குரலைக் கேளாமல் நான் கழுத்தை நீட்டமாட்டன்" என்று பெண் ஒரே பிடியாக நின்றாள்.

தபாற்கந்தோர் அடுத்த வளவில் இருந்தது. தாலி கட்டும் நேரத்துக்கு அண்ணன் டெலிபோன் எடுப்பதென்றும், தபாலதிபர் அதைக் கையில் பிடித்திருப்பதென்றும் ஏற்பாடு. டெலிபோனின் காதுப் பக்கத்தோடு ஒரு மைக்கைச் சேர்த்துக் கட்டினேன்; மற்றதை மணவறையில் பெண்ணுக்கு முன்னால் வைத்தேன். இங்கே நடப்பது அவனுக்கும் கேட்க வேண்டுமே என்று ஒரு குழாயைத் தபாற்கந்தோர் யன்னலுக்கு நேரே திருப்பினேன். இன்னொன்று பந்தலுக்கு. மூன்றாவதைக் குசினிப் பெண்கள் பறித்துக்கொண்டார்கள். "அடுப்படியில வேகிற எங்களுக்குக் காது இல்லையோ?" என்று கேட்டபடியே இழுத்துக்கொண்டு போனார்கள்.

அழைப்பு வந்தது. அண்ணன் "தங்கச்சி..." என்றதுதான் தாமதம், மூன்று குழாயும் ஊளையிட்டன. ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுக் காதைப் பொத்தினார்.

"தம்பி, நிப்பாட்டுங்கோ! நல்ல நேரம் போகுது!"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபிப்பது, கட்டினவன் நான்தானே. பிறகுதான் புத்தி வேலை செய்தது. அவன் பேச்சு யன்னலடிக் குழாயால் போய் அவனுடைய டெலிபோனுக்குள்ளேயே திரும்பப் புகுகிறது. அவன் குரல் எல்லாருக்கும் போகலாம், அவனுக்கு மட்டும் போகக் கூடாது. யன்னலடிக் குழாயின் வயரை ஒரு கையிலும் டெலிபோன் மைக்கின் வயரை மறு கையிலும் பிடித்துக்கொண்டேன். அவன் பேசும்போது யன்னலடிக் குழாயைக் கழற்றுவது. பெண் பேசும்போது அதைப் பூட்டி, டெலிபோன் மைக்கைக் கழற்றுவது.

"தங்கச்சி, நான் வரேல்லை எண்டு கோவமோ?"

பந்தல் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. குசினியில் அகப்பைச் சத்தம் நின்றது. வயரை மாற்றினேன்.

"கோவம்தான். காலை முறிக்க உங்களுக்கு வேற நாள் கிடைக்கேல்லையோ?"

சபையே சிரித்தது. பெண்ணும் சிரித்தபடி ஐயரைப் பார்த்துத் தலையசைத்தாள். அதற்காகவே காத்திருந்த மேளகாரர் கெட்டிமேளம் கொட்ட, தாலி ஏறியது.

வயரை மாற்றி அண்ணனைப் பேசவிட வேண்டிய இடம் அது. நான் மாற்றவில்லை. மேளம் அவனுக்குக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது ஓய்ந்து நான் மாற்றியபோது கொழும்பு லைன் அறுந்திருந்தது. பெண் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

"அண்ணை பிறகு என்ன சொன்னவர்?"

எனக்கு எப்படித் தெரியும்? அது எந்தக் குழாயாலும் வரவில்லை. கேட்டவர் தபாலதிபர் ஒருவர்தான். அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தபடி பந்தலுக்குள் வந்தார்.

"ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை. மேளம் கேட்டதும் விம்மி விம்மி அழுதவன்."

பெண் மூக்கை உறிஞ்சினாள். "நல்லது," என்றாள். "நான் மட்டும்தான் அழுறன் எண்டு நினைச்சன்."